கிரைண்டரோடு சேர்த்து ஒன்பதேகால்

“…கியர எறக்காத. நாலுலயே போ. ஏசியும் ஓடட்டும். தட்டுதா இல்லியான்னு இன்னிக்கு இங்கயே தெரிஞ்சிடணும். தட்டிச்சின்னு வை, உன்ன மெட்ராஸ்ல எறக்கி உட்டுட்டு வண்டி நேரா காட்பாடிக்குப் போவுது. உங்க மாமன் பால் கேன் ஏத்திகினு ஓட்டட்டும்.”

சொன்னவர் ஹவில்தார். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்று, தெலுங்குத் தலைநகரமான நம் ஊரில், சைனிக்புரியில் வீடு கட்டிக்கொண்ட குடியாத்தத்துக்காரர். காரின் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டியது அவர் மகள் சுகந்தி. பின் சீட்டில் ஹவில்தாரின் மனைவி, பக்கத்தில் நான், என் மடியில் ஒரு மிக்ஸி. டிக்கியில் ஒரு கல் கிரைண்டர். நெல்லூர் தாண்டி, கூடூர் தாண்டி, மே மாதத்து மத்தியான வெயிலில் எதிரே ஒரு ரயில்வே மேம்பாலம் எழுந்து நின்றது.

அந்த இன்ஜினைக் கட்டியவன் நான். அது அன்றைக்குத் தட்டியிருந்தால், இந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன்; வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்.

இன்ஜின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “சார், கம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கலாம்?” தையல்காரரிடம் போய், “சட்டைக்கு எத்தனை மீட்டர்?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? சட்டை யாருக்கு என்று கேட்பார். உள்ளே வரப்போகிற வயிற்றைப் பார்க்காமல் துணியை வெட்ட முடியாது. உங்களில் பலர் வயிற்றைப் பார்ப்பதில்லை. நேராகக் கத்திரியை எடுத்துவிடுகிறீர்கள். கத்திரியும் நல்ல கத்திரிதான், அதுதான் வருத்தம்.

மல்லாபூரில் பட்டறை வைத்திருந்த காலத்தில், யாருடைய இன்ஜினைத் திறக்கும் முன்பும் நான் டீ வரவழைத்துவிட்டுக் கேள்வி கேட்பேன். ஆபீசுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? எந்த பங்கில் பெட்ரோல்? சிக்னலில் நிற்கும்போது ஏசியை அணைப்பீர்களா? பின் சீட்டில் வழக்கமாக யார், அவர்கள் சாப்பாடு எப்படி? ஒரு வாடிக்கையாளர் பொறுமை இழந்து, “மேஸ்திரி, கோத்திரம் மட்டும் கேக்காம விட்டுட்டீங்க, அதையும் கேட்டுடுங்க” என்றார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதற்குப் பெயரே ‘பெண் பார்க்கிறது’. சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட் ஒரு வீட்டுப் பெண், பிஸ்டன் இன்னொரு வீட்டுப் பையன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கம். ஒரே அறைக்குள் அடைத்து நெருப்பு வைக்கும்போதுதான் குணம் தெரியும்.

சுகந்திக்கு மாதப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஊரெல்லாம் கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சைனிக்புரியிலிருந்து மாதப்பூருக்கு அப்பாவின் பழைய காரிலேயே போய் வருவாள். காரின் பெயர் வேண்டாம். அன்றைக்குத் தெருவுக்கு நாலு நின்ற சின்னக் கார்தான் அது. ஆபீசில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் பேசும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர்களிடம் கேட்டு, கோயம்புத்தூரிலிருந்து மூன்று பிஸ்டன் வரவழைத்திருந்தாள். தலையில் குன்று போல மேடு வைத்த பிஸ்டன்கள். பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

“பத்தரை வேணும் அங்கிள். அதுக்குக் கீழன்னா ஆபீஸ்ல சொல்லிக்கவே முடியாது. அப்பா கேட்டா சும்மா ரிங் மாத்துறோம்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்.”

பத்தரை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஸ்டன் கீழே இருக்கும்போது அதற்கு மேலே இருக்கிற இடம் ஒரு கூடம். மேலே வந்ததும் அந்தக் கூடம் ஒரு பூஜை மாடம் அளவுக்குச் சுருங்குகிறது. கூடத்தில் எத்தனை மாடம் அடங்கும் என்பதுதான் கம்ப்ரெஷன் எண். கூடுதலாக நெருக்கினால் கூடுதல் பலம். அளவு மீறி நெருக்கினால், பெட்ரோலும் காற்றும் பிளக் பொறி சொல்கிறபடி எரியாமல், மூலையில் தாமாகவே வெடிக்கும். வெளியே ‘டக் டக்’கென்று கேட்கும். அதுதான் தட்டுவது. தட்டத் தட்ட ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

மறுநாளே ஹவில்தார் மொபெட்டில் வந்து இறங்கினார். பெண்ணின் ரகசியம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பட்டுத் துணி அவர் மனைவியுடையது.

“இன்னா மேஸ்திரி, பொண்ணு வந்துச்சா? எட்டுக்கு மேல போனா அது இன்ஜின் இல்ல, பிரஷர் குக்கர். எங்க லாரிங்களுக்கு ஏழு. எந்த ஊர் பெட்ரோலு ஊத்தினாலும் மறு பேச்சு பேசாம குடிச்சிட்டு ஓடும், நல்ல மாப்ள மாதிரி. நீ இன்னா பண்ற, அதுகிட்ட பத்தரைன்னு சொல்லிட்டு எட்டு வச்சிடு. அதுக்கு இன்னா தெரியப் போவுது?”

“சார், உங்க பொண்ணுக்கு உங்களவிட நல்லா தெரியும்” என்றேன்.

“அதான் பயமே” என்றார்.

எனக்கு மனிதர்கள் பேசுகிற பேச்சு பிடிக்கும். கேட்டதை மறக்கமாட்டேன். ஆனால் ஒரே இன்ஜினுக்கு அப்பாவிடம் ஒரு எண், மகளிடம் ஒரு எண் என்று ரசித்துக்கொண்டிருந்தால், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் உதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சேர்த்து வரச் சொன்னேன். டீ வந்தது. கேள்வி ஆரம்பித்தது.

அன்றைக்கு வெளியே வந்த விஷயம் இதுதான். அந்த இன்ஜினை ஏற்கனவே பல முறை கடைந்தாகிவிட்டது. சிலிண்டரை இதற்கு மேல் பெரிசாக்க இடமில்லை. ஒரு பிஸ்டன் உடைந்து சுவரைக் கீறினால் பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான். அந்தக் கார் ஹவில்தார் ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. மகளுக்கே கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் அன்றைக்கு என் எதிரிலேயே சட்டம் போட்டுவிட்டார். “இந்தப் பிஸ்டனப் போட்டு ஒரு தடவ தட்டிச்சின்னா போதும், வண்டி காட்பாடி மச்சானுக்கு.” சுகந்தி என்னைப் பார்த்தாள். அவள் டிரைவிங் கற்றுக்கொண்டது அந்தக் காரில். அவள் சம்பளத்தில் புதுக் கார் வாங்கியிருக்கலாம். அவளுக்கு வேண்டியது புதுக் கார் இல்லை.

ஹெட்டை அளந்து பார்த்தோம். யாரோ ஒரு புண்ணியவான் முன்பே அதை இழைத்துச் சின்னதாக்கியிருந்தார். அதோடு மேடு பிஸ்டனும் சேர்ந்தால் பத்தரை இல்லை, பதினொன்றைத் தாண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பெண், கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிவிட்டு, “நக்கோ அங்கிள், வேணாம், இது எனக்கே பயமா இருக்கு” என்றாள். ஹெட்டின் குழிவைக் கொஞ்சம் பெரிசாக்கி, கூர்முனைகளை மழித்து, பத்தேகாலுக்குக் கொண்டுவந்தோம். நம் ஊர் மேட்டு ஊர், காற்று சற்று மெலிசு. நல்ல பெட்ரோல் மட்டும் போடுவாள். பெரும்பாலும் ஒற்றை ஆளாகப் போவாள். இந்த மூன்றையும் நம்பித்தான் பத்தேகால் என்று இருவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். ஹவில்தார், “குக்கர்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஓடியது பாருங்கள் அந்தக் கார்! தார்நாகா மேட்டில் ஒரு சின்னச் சத்தம் கிடையாது. சுகந்தி மாதப்பூருக்கு நேர் வழியை விட்டுவிட்டுச் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தாள். ஹவில்தார் தினமும் காலையில் கேட்டருகே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கார் சத்தமில்லாமல் போகும். ஏமாந்து உள்ளே போவார் என்று அவர் மனைவி சொன்னார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலை சுகந்தி பட்டறைக்கு வந்தாள். ஆயில் மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“ஒரு சின்ன விஷயம் அங்கிள். எனக்கு சென்னைக்கு டிரான்ஸ்ஃபர். திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும். சனிக்கிழமை காலைல கார்லயே போறோம். நான், அப்பா, அம்மா, அப்புறம் வீட்டு சாமான் கொஞ்சம்.”

‘ஒரு சின்ன விஷயம்’ என்று யாராவது ஆரம்பித்தால் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். நான் நின்றபடி கேட்டேன், பிறகு ஸ்டூலைத் தேடினேன். மெலிசுக் காற்று, நல்ல பெட்ரோல், ஒற்றை ஆள் என்று நான் நம்பிய மூன்று தூணும் ஒரே வாக்கியத்தில் போயின. கடற்கரை ஊரில் காற்று கனம். ஒவ்வொரு இழுப்புக்கும் இன்ஜின் கூடுதலாக விழுங்கும், கூடுதலாக நெருக்கும். மே மாத வெயில், முழுச் சுமை, வழியில் பெயர் தெரியாத பங்க். இங்கே வாயைத் திறக்காத அதே இன்ஜின் ஓங்கோல் தாண்டினதும் பேச ஆரம்பித்துவிடும்.

“எங்க ஓட்டப் போறேன்னு முதல் நாளே கேட்டேனே?”

“முதல் நாள் மாதப்பூர்தானே அங்கிள்” என்றாள். மறுக்க முடியாத பதில்.

ஹவில்தாருக்கும் சேதி போனது. மொபெட் வந்தது. பட்டறையில் ஆளுக்கு ஒரு யோசனை.

சுகந்தி சொன்னாள், “டைமிங்கைப் பின்னால தள்ளிடலாம். இன்ஜினைத் திறக்கவே வேணாம்.” பொறி சற்றுத் தாமதமாக வந்தால் தட்டல் அடங்கும்தான். ஆனால் பலம் போகும், சூடு ஏறும். பயில்வானை அழைத்துவந்து காலைக் கட்டிப் போடுகிற வேலை. சென்னை டிராஃபிக்கில் ஆயுசு முழுக்கக் கட்டிய காலோடு நிற்கவா?

ஹவில்தார் சொன்னார், “ரெண்டு கேஸ்கட் போடு. ஹெட்டு மேல போய்டும், எடம் பெரிசாய்டும், முடிஞ்சிது கத.” லாரிக்கு அது சரியாக இருந்திருக்கும். இந்த ஹெட்டில் பிஸ்டனின் ஓரமும் ஹெட்டின் ஓரமும் ஒட்டாமல் ஒட்டி நிற்கவேண்டும். அந்த நெருக்கத்தில்தான் ஓரத்தில் இருக்கிற பெட்ரோலும் காற்றும் பொறி இருக்கிற நடுவுக்குப் பீச்சி அடிக்கும். இடைவெளி விட்டால் எண் குறையும், ஆனால் வெடிக்கக் காத்திருக்கிறவன் ஒளிந்துகொள்ள மூலை கிடைத்துவிடும். எண் குறைந்தும் தட்டுகிற இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைக் குறைப்பது பெரிதில்லை, எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதுதான் பெரிது. எனக்கு ஓய்வூதியம் கிடையாது. இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அந்த மேட்டைச் சீவுவது.

அந்த மேடுதான் சுகந்திக்கு அந்தப் பிஸ்டன். நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பியது அதைத்தான். அன்று பூராவும் இன்ஜினைக் கழற்றினோம். மாலையில் பிஸ்டன்களோடு பக்கத்துச் சந்தில் லேத் வைத்திருந்த ஜஹாங்கீர் பாயிடம் போனோம். உள்பக்கம் எவ்வளவு தடிமன் இருக்கிறது, சீவினால் தாங்குமா என்று அளந்தேன். தாங்கும். ஜஹாங்கீர் பாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காட்னா ஆத்தா மேரேகு. காட்டே ஸோ ஜோட்னா நை ஆத்தா. சோச் லோ.”

வெட்டத் தெரியும், வெட்டினதை ஒட்டத் தெரியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லா லேத்துக்கும் மேலே இதைப் பெயிண்டில் எழுதி வைக்கலாம்.

“எவ்ளோ?” என்று கேட்டாள் சுகந்தி.

“எட்டரைக்கு எறக்கு” என்றார் ஹவில்தார்.

“எட்டரைன்னா நான் ஆட்டோலயே போய்க்கறேம்பா. ஒன்பது எண்பது, பத்துக்குக் கொஞ்சூண்டு கம்மி. கணக்கு போட்டுட்டேன், தாங்கும்.”

“உங்கணக்குல உங்கம்மா இருக்காளா?”

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது உண்மையான கேள்வி. “சாமான் கொஞ்சம்னா என்னென்ன?” என்று கேட்டேன்.

சுகந்தி அம்மாவுக்குப் போன் போட்டாள். கேட்டுக்கொண்டே முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள். “கிரைண்டர்.”

“எந்த கிரைண்டர்?”

“கல்லு கிரைண்டர், அங்கிள். சென்னைல தண்ணி வேறயாம், மாவு நம்ம கிரைண்டர்லதான் வரணுமாம். அப்புறம் அரிசி ஒரு மூட்டை.”

அன்றைக்கு அந்த லேத் கடையில் ஒன்பது எண்பது செத்தது. அதைக் கொன்றது கணக்கு இல்லை, இட்லி. நான் ஒன்பதேகால் என்றேன். பத்தேகாலுக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் ஒரு டீஸ்பூன் இடம்கூட இல்லை. அந்த டீஸ்பூனை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால் பாதிதான் சொல்லத் தெரியும். மிச்சப் பாதி, இந்தக் குடும்பம் எப்படிப் பயணம் போகும் என்று மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்ததில் வந்தது. எட்டரையில் பயம் மட்டும்தான் இருந்தது. ஒன்பது எண்பதில் ஆசை மட்டும்தான் இருந்தது. சரி என்று நூற்றுக்கு நூறு நம்பினேனா? இல்லை. நம்பாமலும் ஒரு எண்ணைச் சொல்லவேண்டிய வேளை உங்களுக்கும் வரும். அப்போது அதை முணுமுணுக்காதீர்கள், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

சுகந்தி மூன்று பிஸ்டனையும் தானே எடுத்து ஜஹாங்கீர் பாய் கையில் கொடுத்தாள். “மூணும் ஒரே அளவு, பாய்” என்றாள். லேத் சுற்றியபோது வெளியே போய் நின்றுகொண்டாள். ஹவில்தார் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் தோளில் விழுந்திருந்த அலுமினியத் தூளைத் தட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இன்ஜின் உயிர் பெற்றது. திருமுல்கேரி வரை ஓட்டிப் பார்த்தோம். ஆனால் இங்கே ஓட்டி என்ன தெரியும்? தேர்வு நடப்பது கீழே, கடலோரத்தில்.

“நீயும் வா மேஸ்திரி” என்றார் ஹவில்தார். “பெரம்பூர்ல உந்தங்கச்சி ஊடு இருக்குதில்ல? தட்டிச்சின்னா அந்த எடத்துலயே உன்ன எறக்கி உட்டுடுவேன். அங்கருந்து பஸ்ல போய்க்க.”

இப்படித்தான் நான் மிக்ஸியோடு பின் சீட்டில் உட்கார்ந்தேன். மிரியாலகூடா வரை புளியோதரை. ஓங்கோலில் பெட்ரோல் போட்டபோது ஹவில்தார் இறங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “பேஷ், இதுல பாதி மண்ணெண்ணெய்” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்குத் தேர்வு கடுமையாக இருக்கவேண்டும். நெல்லூர் வரை சுகந்தி மேடு வந்தால் கியரை இறக்கி, பதமாகத்தான் ஓட்டினாள். அப்படி ஓட்டினால் எந்த இன்ஜினும் தட்டாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கூடூர் தாண்டியதும், நான் முதலில் சொன்ன பாலத்தில் அந்த உத்தரவு.

சுகந்தி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மிதித்தாள். நாலாவது கியரில், வேகம் குறையக் குறைய, கார் மேலே ஏறியது. ஹவில்தார் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் தட்டல் தெளிவாகக் கேட்கும். கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது. அனல் காற்று முகத்தில் அடித்தது. சுகந்தியின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மிக்ஸி என் மடியில் அதிர்ந்தது. நான் மூச்சு விடவில்லை; விட்டால் அது தட்டல் போலக் கேட்டுவிடுமோ என்று பயம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பாலத்தின் உச்சி வந்தது. இன்ஜின் உறுமியது, முனகியது. தட்டவில்லை. இறக்கத்தில் கார் உருண்டது.

“ஓரமா நிறுத்து” என்றார் ஹவில்தார்.

சுகந்தியின் முகம் வெளுத்தது. “எனக்கு எதுவும் கேக்கலைப்பா.”

“நிறுத்துன்னேன்.”

நிறுத்தினாள். எனக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ராணுவக் காது. இறங்கிவிடலாம் என்று மிக்ஸியை அம்மா பக்கம் நகர்த்தினேன். ஹவில்தார் இறங்கி, வண்டியின் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, டிரைவர் கதவைத் திறந்தார்.

“தள்ளு. ஆர்.சி. புக்க உம்பேருக்கு மாத்தறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவ ஓட்டிக்கறேன்.”

சுகந்தி கியர் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சீட்டுக்கு அப்படியே நகர்ந்தாள். ஹவில்தார் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு, வண்டியை எடுத்தார். நாயுடுபேட்டைக்கு முன்னால் இன்னொரு மேம்பாலம், முந்தியதைவிட உயரம். மனிதர் நாலாவது கியரிலேயே மிதித்து ஏறினார், முன்னால் போய்க்கொண்டிருந்த பெரிய கார் ஒன்றைத் தாண்டிக்கொண்டு.